வாழ்த்தில் மூழ்கிய அறுபத்து நான்கு சாவடிகள்

நலம் பெருகுக. மேகம் தங்கும் பொருப்பை நாடுடைய நெடுவேள் மாவண்ணர் திருவாய்மொழிந்தருள, அவர்தம் முதலமைச்சன் கொற்றங்குமரன், கடலகம் ஆளும் பேரரசி ஏலங்குழலித் தேவியார் திருமுன் வைக்கும் ஓலை. தேவியார் துறைகளில் கலங்கள் நிறைக; அரண்மனையில் சிரிப்பொலி குறையாதிருக்க.

தலைமைச் சாவடி ஒன்றுமின்றி ஊர்விட்டு ஊர் ஓலை கடத்தும் எங்கள் ஓலைச்சாவடிகள் அறுபத்து நான்கும் எவ்வாறு இயங்குகின்றன என்றும், தம் நாட்டிலும் அவ்வாறு அமைத்து ஆள யாரை அனுப்புவோம் என்றும் தேவியார் வினவியிருந்தார். முறை நன்று. ஆயினும் சென்ற கார்காலத்தில் அது பட்ட பாட்டை மறைப்பது நட்புக்கு அழகன்று.

அம்முறையை வகுத்தவர் ஓலைநாயகம் பரவை நங்கை. ஊர்தோறும் நடந்து, ஊராரே கட்டி ஊராரே காக்கும் சாவடிகளைப் பன்னிரண்டு ஆண்டில் இணைத்தவர். பொது ஓலை வந்தால் அண்டைச் சாவடிகளுக்கெல்லாம் அனுப்புக, வாழ்த்து வந்தால் மறுவாழ்த்து அனுப்புக என்பன அவர் விதிகள். சாவடிகள் பத்தாயிருந்தபோது அவை தேனாய் இனித்தன.

ஆவணியில் நெல்லிக்காவுத் தலைவருக்குப் பேத்தி பிறந்தாள். மகிழ்ச்சி தலைக்கேறி நாடெங்கும் வாழ்த்தோலை விடுத்தார். அறுபத்து மூன்று ஊர்களும் மறுவாழ்த்து விடுத்தன. அம்மறுவாழ்த்துக்கும் எல்லா ஊரும் மறுவாழ்த்து விடுத்தன. மரியாதையில் எங்கள் மக்களை மிஞ்ச ஆளில்லை! ஒன்பது நாள் ஓலை சுமந்தோர் "வாழி" அன்றி வேறொன்றும் சுமக்கவில்லை. கரையூர் ஏரி உடைவதாக வந்த ஓலை அக்குவியலின் அடியில் நான்கு நாள் கிடந்தது. ஊரார் தாமே மண் கொட்டிக் கரையைக் காத்ததால் பிழைத்தோம்.

அரசர் சினந்தார். சாவடிகளை மூடி, எல்லா ஓலையும் அரண்மனை வழியே செல்லட்டும் என்றார். அப்படி ஓதியவன் நானே என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு ஒரு சொல்லில் போகவிருந்தது கண்டு நங்கையின் முகம் வெளிறியது. எனினும் அவர் அழவில்லை.

"அரசே, சாவடிகள்மேல் பிழையில்லை. முறை எழுதியவள் நான், பிழையும் எனதே. ஒரு திங்கள் தாருங்கள். திருந்தாவிட்டால் என் முத்திரை மோதிரத்தை இங்கேயே கழற்றி வைக்கிறேன்" என்றார்.

புதுவிதி எளிது. சாவடியைக் கடக்குந்தோறும் ஓலையின் விளிம்பில் ஒரு கீறல். ஏழு கீறலானால் அங்கேயே நிற்கும். வாழ்த்துக்கு மறுவாழ்த்து இல்லை. அவசர ஓலைக்குச் செந்நூல் கட்டி முன்னே விடுவர். மற்றபடி சாவடியை நடத்துவது அவ்வவ்வூர் விருப்பம்.

அதை நாட்டில் விடுமுன், எதையும் வளைத்துப் பார்க்கும் திருமணத் தரகர்களிடமும் வழக்காடிகளிடமும் கொடுத்து, முடிந்தால் உடையுங்கள் என்றார் நங்கை. இரண்டாம் நாளே உடைத்தார்கள். மாங்காய் ஊறுகாய்ப் பக்குவம் செந்நூலோடு வந்தது. பெண் கேட்கும் ஓலைகள் நாற்பதும் செந்நூலோடு வந்தன! இருவர் சான்று கூறினாலன்றிச் செந்நூல் இல்லை என்று திருத்தினார். இப்படிப் பதினொரு ஓட்டை அடைத்த பிறகே சாவடிகளுக்கு அனுப்பினார். ஓலைகள் ஒழுங்காக ஓடின. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மகிழ்ந்த அரசர் தாமே பாராட்டோலை எழுதி, நாடெங்கும் சுற்றித் தம் கைக்கே திரும்புக என விடுத்தார். அது திரும்பவில்லை. குருவிமலை என்னும் சிற்றூரின் சாவடிக்காரி மாத்தி அதை நிறுத்தி, "ஏழு கீறல் ஆயிற்று. அரச முத்திரையானாலும் இதற்குமேல் விடமாட்டேன்" என்று எழுதியனுப்பினாள்.

அம்மறுமொழி அவைக்கு வந்தது. நங்கை மோதிரத்தைப் பாதி கழற்றிவிட்டார். அரசர் அவ்வோலையை இருமுறை படித்தார். பின் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மோதிரத்தைப் போட்டுக்கொள், அம்மா. என்னையே தடுக்கும் சாவடி எவனையும் தடுக்கும். இனி எனக்குக் கவலையில்லை" என்றார்.

ஆகவே தேவியாருக்கு ஆளுநர் எவரையும் அனுப்புகிலோம். முறைச் சுவடி ஒன்றே வருகிறது. தம் சாவடிகளைத் தம் ஊராரே கட்டுக. எங்களோடு இணைவதாயின் கீறல் விதி இரு நாட்டிலும் ஒன்றாயிருந்தால் போதும், திறை வேண்டா.

எங்கள் சாவடி வாயில்தோறும் வெட்டுவிக்க அரசர் இட்ட ஆணையையும் ஈண்டுப் படியெடுத்து, இரட்டை வேங்கை முத்திரையிட்டு முடிக்கிறோம்:

அரசன் ஓலையும் ஓர் ஓலையே. இது நம் ஆணை.