பல்லி ரேக்கும் அத்தையும்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் தூறல். பத்து மணிக்கெல்லாம் வெயில். ரேக் வந்துவிட்டது.

எருமப்பட்டி ரோட்டில் கோழிக்கூண்டு அடிக்கிற பட்டறையில் கொடுத்துச் செய்தது. தச்சரிடம் பல்லிக்கு என்று சொன்னதுமே சிரித்துவிட்டார். கூண்டுக்கார செல்வராசு அண்ணன் சிரிக்கவில்லை. “எதுக்கா இருந்தா என்னுங்க, அடைச்சு வெக்கறதுதானே” என்றார். அதற்காகவே அவரிடம் கொடுத்தேன்.

இரும்பு ஆங்கிள், மூன்று தட்டு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, இழுப்பறை மாதிரி. மூடி கிடையாது, மேல்தட்டுதான் மூடி. டப்பாவை முழுக்க உள்ளே தள்ளினால் நடுவில் காகிதம்தான் நுழையும். டப்பா சுலபமாக நகரத் தட்டில் சன்மைக்கா ஒட்டச் சொன்னேன். கீழே, என் இடுப்பு உயரத்தில், சோப்பு டிஷ்யூ வைக்க ஒரு திறந்த தட்டு. டப்பா எல்லாம் அதற்கும் மேலே. குழந்தை மகிக்கு எட்டவே எட்டாது.

மணி மேலே, மிளகு நடுவில், கடுகு கீழே. மூன்றும் நான் வளர்க்கும் சிறுத்தைப் பல்லிகள். மணி என் முதல் சம்பளத்தில் வாங்கியது, கல்யாணத்துக்கு முந்தியது.

மூன்று கண்ணாடித் தொட்டியும் போனதில் ஹாலில் பாதி கிடைத்துவிட்டது. ஃபிரிட்ஜுக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவில் கச்சிதமாக நிற்கிறது. மகி ஹால் முழுக்கத் தவழ்ந்தாள். பத்து மாதத்தில் முதல் முறையாக அவளுக்கு ஒரு மைதானம்.

அத்தை (என் வீட்டுக்காரர் கா.வின் அம்மா) கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். “செவுத்துல ஓடறது பத்தாதுன்னு பொட்டியில வேற” என்று மகியிடம் சொன்னார். எனக்குத்தான்.

16ஆம் தேதி தீவன ஆய்வகத்தில் திரும்பச் சேர வேண்டும். அதற்காகத்தான் அத்தை ஊரிலிருந்து வந்திருக்கிறார். பகல் முழுக்க மகி அவரிடம்தான்.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். துணி ஊறவைத்தது, மகிக்குக் கேழ்வரகுக் கூழ், தீவனச் சோதனைப் புத்தகம் இரண்டு பக்கம்.

மத்தியானம் பார்த்தால் நடு டப்பா இரண்டு விரல் வெளியே. நான் காலையில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே தள்ளினேன். தள்ளினேனா? தள்ளினேன். தள்ளிவிட்டுக் கை கழுவினேன், அது நினைவிருக்கிறது.

வீட்டில் நான், அத்தை, மகி. மகிக்கு நிற்கவே தெரியாது.

கேட்கவில்லை.

ஜூன் 7, சனி

மறுபடியும். இன்று மேல் டப்பா, நடு டப்பா இரண்டும்.

அத்தை மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது: “இல்ல சாமி, நானும் பாத்துட்டுத்தான் இருக்கறன்... சொன்னா அவ என்ன நெனைப்பாளோ...” நான் துணி எடுக்கப் போனதும், “செரி செரி, வெயில் தாஸ்தி, வெச்சரட்டுமா” என்றார். சாமி என்பது கா.தான். வேறு யாரிடம் அப்படிக் குழைவார்.

எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்?

நேற்று வேறு ஒன்று கேட்டார். இது ராத்திரியில் எழுந்திரிக்குமா என்று. ராத்திரிதான் எழுந்திரிக்கும் என்றேன். “அப்பச் செரி” என்றார். எது சரி?

ஜூன் 8, ஞாயிறு

கடுகு டப்பாவில் இல்லை. கீழ் டப்பா நான்கு விரல் வெளியே. ஃபிரிட்ஜுக்கு அடியில், செருப்பு ரேக்கில், மிக்ஸிக்குப் பின்னால் எல்லாம் தேடினோம். கா. டார்ச்சோடு தரையில் படுத்துப் பார்த்தார். கடைசியில் மகியின் பாய் மடிப்புக்குள் இருந்தது. மகி பாயின் இந்த மூலையைச் சப்பிக்கொண்டிருந்தாள், அது அந்த மூலையில். ஒரு முழம்கூட இருக்காது.

கடுகு கடிக்காது. ஆனால் பல்லி தொட்ட கை வாய்க்குப் போகக் கூடாது, வயிற்றுக்கு ஆகாது. அந்தப் படிப்பெல்லாம் எனக்கே தெரியும். அதனால்தான் சோப்பைத் தட்டிலேயே வைத்தேன்.

கா. திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. சாப்பிட்ட பிறகு மெதுவாக, “கொஞ்ச நாளைக்குப் பாப்பா அம்மாகூட ஊருல இருக்கட்டுமா? ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துக்கலாம்” என்றார்.

ஆக, இதற்குத்தான். ஒரு டப்பாவைத் திறந்துவிட வேண்டியது. நான் கவனமில்லாதவள் என்று காட்ட வேண்டியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது.

முடியாது என்றேன். அத்தை சமையலறையில் பாத்திரத்தைக் கழுவாமல் வெறுமனே குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

ஜூன் 10, செவ்வாய்

காற்று. மாடியில் துணி பறந்தது.

பொறி வைத்துவிட்டேன். என் தலைமுடி மூன்று. ஒவ்வொரு டப்பாவுக்கும் தட்டுக்கும் குறுக்கே ஒன்று, இரண்டு பக்கமும் செல்லோடேப் துணுக்கு. டப்பாவை இழுத்தால் முடி அறுந்துவிடும். உற்றுப் பார்த்தால் ஒழியத் தெரியாது.

வெட்கமாகத்தான் இருக்கிறது. எம்.எஸ்சி. விலங்கியல். மாமியாருக்கு முடியில் பொறி.

ஜூன் 11, புதன்

மேல் டப்பா முடி அறுந்திருக்கிறது. மற்ற இரண்டிலும் முடியே இல்லை, டேப்பும் இல்லை. சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்த தடம்.

டேப் தானாகவா போகும்? கைதான். அத்தை கைதான்.

சாயங்காலம் மகியைக் குளிக்க வைக்கும்போது பார்த்தால் இடுப்பில் புதுக் கறுப்புக் கயிறு, சின்னதாக ஒரு தாயத்து. காலையில் இல்லை. நான் மருந்துக்கடைக்குப் போன நேரத்தில் கட்டியிருக்கிறார். கேட்டேன். “கோயில்ல குடுத்தாங்க கண்ணு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எந்தக் கோயில்? புதன்கிழமை எதற்குக் கோயில்?

வேலையில் சேர இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. இப்படிப்பட்டவரிடம் பகல் முழுக்க எப்படி விட்டுவிட்டுப் போவது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட.

ஜூன் 12, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை. நான் அத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தலை வாரினால் சீப்பையே பார்க்கிறார். உதிர்ந்த முடியைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அரைமணி கழித்துக் குப்பைக்கூடை காலி.

கூட்டு: சுரைக்காய். உப்பு தாஸ்தி, யாரும் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கோர்வையாக எழுத முயல்கிறேன்.

காலை. வாஷிங் மெஷின் போட்டிருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம். அத்தை ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு முட்டை எடுத்தார். மகி காலைப் பிடித்து இழுக்கவும், முட்டை இரண்டையும் ரேக்கின் திறந்த தட்டில் வைத்துவிட்டு அவளைத் தூக்கினார். ஒரு முட்டை தானாக உருண்டு முன்னால் வந்து தரையில் விழுந்து உடைந்தது. மற்றதை நான் பிடித்தேன்.

அதை மறுபடி தட்டின் உள்பக்கம் வைத்தேன். உருண்டு வந்தது. இன்னொரு முறை. வந்தது.

அத்தை குனிந்து தட்டைப் பக்கவாட்டில் பார்த்தார். அவர் ஊரில் முன்பு லேயர் (முட்டைக்கோழி) பண்ணை வைத்திருந்தார்கள்.

“கூண்டுக்காரன் முட்டைக்கு வாட்டம் வெச்சிருக்கறான்” என்றார்.

கோழிக்கூண்டில் தரை முன்பக்கம் சரிந்துதான் இருக்கும். இட்ட முட்டை கோழி காலில் மிதிபடாமல் உருண்டு வெளியே தட்டுக்கு வர வேண்டும். செல்வராசு அண்ணன் கை பழக்கத்தில் எல்லாத் தட்டையும் அப்படியே அடித்திருக்கிறார். நான் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்தான், பக்கவாட்டில் மட்டும். முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

மெஷின் துணி பிழியும் சுற்றுக்கு வந்தது. சுவர் அதிர, நடு டப்பா எங்கள் கண்ணெதிரே மெல்ல நகர்ந்தது. சன்மைக்கா வேறு. ஒரு விரல். இரண்டு விரல். மகி மட்டும் கை தட்டினாள்.

அப்புறம் அத்தை கேட்டார். “அப்ப நீ தொறந்து வெக்கலையா?”

“நீங்க தொறக்கலீங்களா அத்தை?”

“நான் எதுக்குத் தொறக்கறேன்? அத்தன நாளும் கண்ணுல பட்டப்பல்லாம் நாந்தான் உள்ள தள்ளி உட்டேன். பல்லி ராத்திரிதான் எழுந்திரிக்கும்ன, அப்பப் பகல்ல தொறந்து உடறது நீதான்னு நெனச்சேன். உன்னையக் கேட்டா அழுதுருவ, அழுதா பால் நின்னுபோயிருமுன்னு கேக்கல. இவளுக்கு நெதானம் தப்பிப்போச்சு, நாளைக்கு அடுப்பத் தொறந்து உட்டுட்டு மறந்துட்டான்னா புள்ள என்னாவுறதுன்னு எனக்குத் தூக்கமில்ல.”

நான் நடு டப்பாவை உள்ளே தள்ளினேன்.

“அப்பறம் பாத்தா மயித்த ஒட்டி வெச்சிருக்கற. என்ற பையனுக்கு வெச்சயோ எனக்கு வெச்சயோன்னு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. ஓடிப்போயிக் கயிறு வாங்கியாந்து புள்ளைக்குக் கட்டுனேன்.”

பொறி என்று விளக்கினேன். யார் திறக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க. விளக்க விளக்க, செய்வினை என்றே விட்டிருக்கலாம் போல இருந்தது. அவர் மீதான சந்தேகம் என்பது அவருக்குப் புரிய நேரமாகவில்லை. முகம் சுருங்கிப் போனது.

தரையில் உடைந்த முட்டையை அவர் துடைக்கக் குனிந்தார், நானும் குனிந்தேன். தலை முட்டிக்கொண்டது. சிரிப்பு வரவில்லை.

ஜூன் 14, சனி

செல்வராசு அண்ணனுக்குப் போன். அவருக்குக் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான்.

“கூண்டுன்னா முன்வாட்டம் இருக்கோணுமுங்களே. இல்லாட்டி முட்டை எப்படிங்க வரும்?”

இது பல்லி என்றேன்.

“பல்லி முட்டை போடாதுங்களா?”

போடும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்று தட்டுக்கும் ஒரே அளவு சரிவு என்பதால் வேலை சுலபம். முன்கால் இரண்டுக்கும் அடியில் லாரி டயர் ரப்பர், அரை இஞ்ச் கனம். அத்தை ரேக்கைச் சாய்த்துப் பிடித்தார், நான் ரப்பரைச் செருகினேன். ஒவ்வொரு டப்பாவுக்கும் முன்னால் ஒரு கொக்கியும் அடித்தேன். “இந்தப் பக்கம் இன்னொரு ஆணி” என்றார். அடித்தேன். வேலையைப் பற்றி மட்டும் பேசினோம். நன்றாகவே பேசினோம்.

முட்டை வைத்துப் பார்த்தோம். நின்றது.

ஜூன் 15, ஞாயிறு

மேகம், மழை இல்லை. கா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மட்டும்.

மகியை ஊருக்குக் கூட்டிப் போகும் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அதான் முடிஞ்சு போச்சே” என்றார். முதலில் யார் சொன்னது, நீங்களா அம்மாவா என்றேன். தலையணை உறை மாற்ற வேண்டும் என்று எழுந்து போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தலையணை உறை மாற்றி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் அத்தையிடம் நேராகவே கேட்டேன். நாளைக்கு நான் போகலாமுங்களா?

கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“போயிட்டு வா கண்ணு. புள்ளைய நான் பாத்துக்கறன். மணிக்கொருக்காப் போன் பண்ணி இருக்கறாளா இருக்கறாளான்னு கேட்டயின்னா மட்டும் நான் எடுக்க மாட்டேன். சொல்லிப்போட்டேன்.”

சரிங்க என்றேன்.

கயிற்றை அவிழ்க்கவா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருக்கட்டும்.

ஜூன் 16, திங்கள்

போனேன். மகி அழவில்லை, அது ஒரு வலி. அத்தை இடுப்பில் உட்கார்ந்து கையைக் காட்டினாள்.

ஆய்வகத்தில் என் மேஜையில் யாரோ ஹெல்மெட் வைத்திருந்தார்கள். மக்காச்சோளச் சாம்பிள் மூட்டை மூட்டையாக. ஈரப்பதம் பார்ப்பதற்குள் பதினொரு மணி. மார்பு கட்டிக்கொண்டது. கழிவறையில் பால் பீய்ச்சிவிட்டேன்.

அத்தைக்குப் போன் செய்யவில்லை. வாக்கு வாக்குதான். கா.வுக்குச் செய்தேன். அம்மாகிட்டப் பேசினீங்களா, மகி தூங்கினாளா, கூழ் குடித்தாளா. அவர் முட்டைக் கம்பெனி கணக்கில் தலையைக் கொடுத்துக்கொண்டு, “தூங்கறா, குடிச்சா, வெச்சரு” என்றார். மத்தியானம் இன்னொரு தடவை. மூன்று மணிக்கு இன்னொரு தடவை.

வீட்டுக்கு வந்தால் மகி குளித்து, பவுடர் போட்டு, பொம்மைச் சக்கரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு தடிப்பு இல்லை. உடம்பு முழுக்கப் பார்த்தேன். நான் பார்ப்பதை அத்தை பார்த்தார். காபி கொடுத்தார்.

கா. வந்ததும் கேட்டேன். அம்மாவும் இன்னைக்கு உங்களைக் கூப்பிட்டாங்களா?

“ம். காலைல ஒருக்கா.”

“என்னவாம்?”

“நீ மோர் டப்பாவ மறந்துட்டுப் போயிட்டயாம். வாங்கிக் குடுக்கச் சொன்னாங்க. அவ்வளவுதான்.”

மோரை மறந்தது உண்மை. கா. குளிக்கப் போயிருக்கிறார். போன் சார்ஜரில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அம்மா, காலை, ஒரே அழைப்பு. பேசிய நேரம் பதினோரு நிமிடம்.

மோருக்குப் பதினோரு நிமிடம்.