காற்று போகும் பக்கம்

அண்ணை,

உங்கள் மடிக்கணினியில் பூச்சி உருண்டை மணக்கிறது. மூன்று வருடமாக அலுமாரியில் உங்கள் சேட்டுகளுக்கு அடியில் கிடந்ததை அப்பா இன்று பின்னேரம் எடுத்துத் துடைத்து மின்னேற்றப் போட்டார். நாளைக் காலை அதைப் பார்க்கக் கட்டட அனுமதி அலுவலக ஆட்கள் வருகிறார்கள். நான் போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் கடைசியாகக் காற்றைக் கணித்துக் கொடுத்த பத்துமாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிய நாளிலிருந்து அதன் வாசல் மூலையைச் சனம் குனிந்துதான் கடக்கிறது. போன கிழமை அங்கே கச்சான் கடலை விற்கிற அக்காவைக் காற்று தள்ளி விழுத்திவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனி நடப்பாரோ தெரியாது. கணித்தவர் பிழைவிட்டிருக்கிறார் என்று விசாரிக்க வந்தவர்கள் சொன்னபோது அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"என்ரை பெடியன் பிழை விடான். அவன்ரை லப்டொப் வீட்டிலைதான் கிடக்கு. வந்து பாருங்கோ."

அவராகவே கூப்பிட்டார், அண்ணை.

அந்தக் காணி வெறும் பற்றையாக இருந்தபோது என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிப் போனீர்கள். கையில் ஒரு ஐஸ்கிறீமைத் தந்து மூலையில் நிற்கவைத்தீர்கள். கட்டடத்தைச் சுற்றி நடக்கிறவர்களைக் காற்று எவ்வளவு தள்ளும் என்று கணித்துக் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும் என்றீர்கள். படத்தில், இருந்து கதைக்கக்கூடிய இடம் நீலம். நிற்கக்கூடியது பச்சை. நடந்து கடக்க மட்டும் என்றால் மஞ்சள்.

"சிவப்பு எண்டால்?"

"உன்ரை ஐஸ்கிறீம் பறந்துபோய் அப்பாவின்ரை மொட்டையிலை விழும்."

அறிக்கை கொடுப்பதற்கு முதல்நாள் உங்களுக்குக் காய்ச்சல். நான் அப்போது தரம் எட்டு. திரையைப் பார்க்கக் கண் கூசுகிறது என்று படுத்துக்கொண்டு, என்னை எண்களை அடிக்கச் சொன்னீர்கள்.

"அட்டவணையிலை இருக்கிறது காத்து வாற பக்கம், பிள்ளை. திரையிலை உந்தப் பெட்டி கேக்கிறது போற பக்கம். மாத்திப் போடு."

"ஓம் அண்ணை" என்றேன். அந்த நேரம் நீங்கள் சத்தியெடுத்தீர்கள். ஓடிப்போய்ச் செம்பைப் பிடித்தேன். திரும்பி வந்து, அட்டவணையில் இருந்ததை அப்படியே அடித்துவிட்டேன்.

"ஒருக்கால் பாக்கிறியளோ?"

நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. "நீ போட்டால் சரியாத்தான் இருக்கும்."

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் உடலைத்தான் கொண்டுவந்தார்கள். டெங்கு என்றார்கள்.

சற்று முன் அந்தக் கோப்பைத் திறந்தேன். சோளகம் வாடைக்காற்றின் பக்கத்திலிருந்து வருகிறது. வாடை சோளகத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. எங்கள் ஊருக்கு எதிரெதிரான இரண்டு காற்றுகள்தானே, இடம் மாறியும் படம் சரியானதுபோலவே இருக்கிறது. அதனால்தான் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. வாசலில் விழவேண்டிய சிவப்பு, ஆள் போகாத பின்மதிலில் விழுந்திருக்கிறது.

எண்களை மாற்றிவிடலாமா என்று விரலை வைத்தேன். மாற்றினால், அனுமதிக்குக் கொடுத்த அறிக்கையில் பழைய எண்கள் இருப்பதால், சரியான விடை தெரிந்துகொண்டே பொய் அறிக்கை கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். விட்டால், அவர்கள் சொன்னதுதான் உண்மை. நான்தான் அடித்தேன் என்று சொன்னால் அப்பா என்னை எப்படிப் பார்ப்பார்? அந்த அக்காவுக்கு முன்னால் நான் எப்படிப் போய் நிற்பேன்? ஒன்றும் செய்யாமல் மூடினேன்.

அந்தச் சத்தத்துக்கு அப்பா முழித்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"பிள்ளை, படுக்கேல்லையோ?"

"படுத்திட்டன் அப்பா."

"காலமை அவை வரேக்கை நீ பள்ளிக்கூடம் போகவேண்டாம். என்னோடை நில். திறந்து காட்ட எனக்குத் தெரியாது."

சரி என்றேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. பல நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் இப்படி நித்திரை கொள்கிறார்.

கடவுச்சொல்லை நீங்கள் எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தீர்கள். இத்தனை நாளும் அதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். நாளைக்கு அப்பா பக்கத்தில் நிற்க, நான் அதை அடிக்கவேண்டும், அண்ணை.