வெளியே வராத பல்

யாரையும் லேசில் நம்பாத என் அன்பு அப்பாவுக்கு,

உங்களைக் கொளுத்திய மறுநாள் மயானத்துக்குப் பால் ஊற்றப் போனேன். சாம்பலில் ஒரு பல் கிடந்தது. எடுத்து விரலால் துடைத்தேன். மெல்லிய விரிசல்கள் இருந்தாலும் எனாமல் முழுசாக, வழவழவென்று இருந்தது. உங்களுக்குத்தான் பல்லே கிடையாதே, அப்பா?

உங்கள் பல்லின் கதை எனக்கு மனப்பாடம். முதல் தடவை பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது, அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “எனாமல் சுத்தமா தேஞ்சு போச்சுங்க ஐயா” என்றார். கள்ளக்குறிச்சியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? “பல்லுக்கு இன்னாத்துக்கு எனாமல்? கதவு ஜன்னலுக்குத்தான் எனாமல்” என்றீர்கள். இது வேறு எனாமல், உடம்பிலேயே கெட்டியான பொருள், போனால் மறுபடி வளராது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். வெளியே வந்ததும் என் காதருகே, “அந்தம்மா எந்தக் கடையில சரக்கு எடுக்குதுன்னு விசாரி. நம்ம கடையில இல்ல” என்றீர்கள்.

அதற்குப் பிறகு பிடுங்கிய ஒவ்வொரு பல்லையும் காகிதத்தில் மடித்துக் கேட்டு வாங்கி வந்தீர்கள். “அங்க வுட்டா வித்துடுவாங்க.” கிழவன் பல்லை யார் வாங்குவார்கள் என்று கேட்டால் முறைப்பீர்கள். எல்லாவற்றையும் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். குழி தோண்டியது நான்தான். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், ஒரு பல்கூட பாக்கி இல்லை.

பல்செட்டையும் நீங்கள் நம்பியதில்லை. நீல விளிம்பு வைத்த எனாமல் குவளையில் தண்ணீர் ஊற்றி அதைப் போடும்போதெல்லாம் இரண்டையும் நகத்தால் தட்டிப் பார்ப்பீர்கள். “இந்தக் குவளை கண்ணாடிய உருக்கி இரும்பு மேல ஏத்துனது, சுட்ட எனாமல். நாம விக்கறது தடவுற எனாமல். இந்தப் பல்லு ரெண்டுலயும் சேத்தி இல்ல, வெறும் பிளாஸ்டிக்கு” என்று தீர்ப்பு சொல்வீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று பல்செட் அந்தக் குவளையில்தான் கிடந்தது. அப்படியென்றால் சாம்பலில் கிடந்தது யார் பல்?

அன்றைக்கு உங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிதையும் எரிந்தது. யாரோ வாலிபனாம். அவனுக்கு வாய் நிறையப் பல் இருந்திருக்குமே என்றுதான் என் புத்தி போனது. மயானத்தில் வேலை பார்க்கும் மாரிமுத்து அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

“சாம்பல மாத்திட்டீங்களாண்ணா?”

“நீ கொள்ளி வெச்ச எடம் இதானே தம்பி? ராத்திரி பூரா நான் இங்கதானே இருந்துக்கினு பாத்தேன். மாத்திக் குடுத்து எனக்கு இன்னா ஆவப்போவுது?”

நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியானது. வேறு யாராவது கிளறினார்களா? மழைத்தண்ணீர் இழுத்து வந்து போட்டதா? மழையே பெய்யவில்லை, ஆனாலும் யோசித்தேன்.

அள்ளிய சாம்பலை அன்றே ஆற்றில் விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று துணி சுற்றி நம் கழனி வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். பல் என் சட்டைப் பையில் இருந்தது. வேறு யாருக்கோ மகனாக நின்று கரைத்துவிட்டு, உங்களை அந்த மயானத்திலேயே நாதியில்லாமல் விட்டுவிடுவேனோ என்பதுதான் என் பயம்.

அம்மா திட்டித் தீர்த்துவிட்டாள். “கருமாதி வருது, அந்த மனுசன மரத்துல தொங்க வுட்டுட்டு கடைக்குப் போறியே, இன்னா புள்ளடா நீ? உங்கப்பன் போனாலும் அவரு சந்தேகம் இந்த வூட்ட வுட்டுப் போவல.” கோபமாகப் பேசிக்கொண்டே வந்தவள் கடைசி வார்த்தையில் அழுதுவிட்டாள். நான் அப்போதும் அழவில்லை.

கடை நடக்கிறது அப்பா. நேற்று கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வந்து கதவுக்குப் பச்சை எனாமல் கேட்டார். டப்பாவைத் திறந்து, குச்சி விட்டுக் கலக்கி, விரலில் தேய்த்து மோந்து பார்த்தேன். “டப்பா சீல ஒடச்சதே நீங்கதான, அப்புறம் இன்னாங்க சந்தேகம்?” என்று அவர் சிரித்தார். உங்களை அவருக்குத் தெரியாது.

இன்று பொறுக்க முடியாமல் டாக்டரம்மாவிடம் போனேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் பல்லை மட்டும் மேசைமேல் வைத்தேன். அவரையும் சோதித்துப் பார்க்கத்தான். அவர் விளக்கடியில் புரட்டிப் பார்த்தார்.

“இது வாய்க்கு வந்த பல்லே இல்லைங்க. ஞானப்பல், தாடை எலும்புக்குள்ளயே தங்கிப்போனது. வெளிய இருக்கிற பல்லுன்னா தீயில எனாமல் தெறிச்சு உதிர்ந்துடும். எலும்பு மூடியிருந்ததால இது தப்பிச்சிருக்கு.”

பிறகுதான் உங்கள் பெயரைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் தேடி ஒரு எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். மூலையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இருந்தது. பல்லில்லாத தாடை. கீழே வலது பக்கம் எலும்புக்குள் ஒரே ஒரு பல் சாய்ந்து படுத்திருந்தது. வேரின் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. என் கையில் இருந்த பல்லின் வேரும் அதே மாதிரிதான் வளைந்திருந்தது.

“தொந்தரவு பண்ணாத வரைக்கும் இருக்கட்டும்னு உங்கப்பாகிட்ட அப்பவே சொன்னேன்” என்றார் டாக்டரம்மா. “‘பையன்கிட்ட சொல்லாதீங்க, புடுங்கச் சொல்லி இழுத்துக்கினு வந்துடுவான். ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்’னார்.”

எனக்குத் தெரியாமல் ஒன்றை வைத்திருந்தீர்களா, அப்பா? என்னைக்கூட நம்பவில்லையா?

கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்கு நீங்கள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். உங்கள் மூச்சு நின்றபோது அழவில்லை, கொள்ளி வைத்தபோது அழவில்லை. அந்தச் சாம்பல் நீங்கள் இல்லை என்று எல்லாரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தவரை, நீங்கள் எங்கேயோ இருப்பதாகத்தான் எனக்கு நினைப்பு.

நாளைக் காலையில் மாரிமுத்து அண்ணனைப் பார்த்து மன்னிப்பாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மணலூர்பேட்டைக்குப் போகிறேன். பெண்ணையாற்றில் நானே இறங்கிக் கரைக்கிறேன். பல்லை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஆசையாகத்தான் இருக்கிறது. வேண்டாம். அது உங்களுக்கென்று நீங்கள் வைத்துக்கொண்டது. அதையும் உங்களோடேயே அனுப்பிவிடுகிறேன். சத்தியமாக, அப்பா. இந்த ஒரு தடவை என்னை நம்புங்கள்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று இன்றைக்குத்தான் நம்பிய
உங்கள் மகன்