களப்புக்குள் இறங்கிய கட்டைகள்

வெள்ளிக்கிழமை, சாம்பல்தீவு

1. எல்லைக் கட்டைகளை யாரோ களப்புக்குள் நகர்த்தியிருக்கிறார்கள்.
2. செல்வராணிக்கு நான் சொன்ன சமாதானம்.
3. நாளைய கூட்டம்.

நகரத் திட்டத்துக்கு எங்கள் ஊர்க்குழு ஒரு வரைபடம் கொடுக்கிறது. தண்ணீர் நிற்கும் நிலத்தில் குடியிருப்புக் கூடாது என்பது நாங்களே வைத்த விதி. சென்ற மாரிமழையில் கடலோரக் களப்பின் உப்புத் தண்ணீர் ஏறி நின்ற விளிம்பில் கட்டைகளை நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். களப்போரம் குடியிருக்கும் செல்வராணியின் வீடு மயிரிழையில் அந்தக் கோட்டுக்கு இப்பால் தப்பியது.

இன்று மாலை அந்தக் கட்டைகள் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்றன. மழை பெய்து மாதங்களாகின்றன. காற்றும் இல்லை. ஆனாலும் துணிகள் வீட்டுப் பக்கமாக அசைவதுபோல் இருந்தது. என் கண்ணை நான் நம்புவதில்லை. சேற்றில் ஒரு காலடிகூட இல்லை.

"உங்கட கட்டையள் குளிக்க இறங்கிட்டுதுகள், ஐயா," என்று செல்வராணி சிரித்தாள்.

அவளுடைய கிணற்றிலிருந்து அளவுக் கயிற்றைப் பிடித்தேன். நட்ட அன்று கிணற்றிலிருந்து முதற்கட்டைவரை அளந்து போட்ட முடிச்சு இன்றும் அதைச் சரியாகத் தொட்டது. அவள் சிரிப்பு நின்றது.

"அப்ப கட்டை அசையேல்லையோ?"

"கயிறு நனைஞ்சு நீண்டிருக்கும், பிள்ளை. ஆரோ பிடுங்கித்தான் நட்டிருக்கினம். பயப்படாமல் படுங்கோ."

அந்தக் கயிற்றை நான்காக மடித்தால் என் விறாந்தையின் நீளம் வரும். சற்று முன் மடித்து விரித்துப் பார்த்தேன். ஒரு விரலும் கூடவில்லை.

நாளை கூட்டத்தில் இதைச் சொன்னால் அவள் வீடு கோட்டுக்கு அப்பால், குடியிருக்கக் கூடாத பக்கம் போய்விடும். சொல்லத் துணிவேனா தெரியவில்லை.

மேலே முதலாவதாக எழுதியது பிழை. கட்டைகளை ஒருவரும் தொடவில்லை. தண்ணீர்தான் வந்திருக்கிறது. அவளை அங்கே படுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.