படித்துறையில் கழற்றிய சட்டை

இயேசு மரி சூசை துணை
மோகனூர், 12-8-1964

அன்புள்ள செல்வமேரிக்கு கஸ்பார் எழுதுவது. நான் சுகம். உன் இருமல் நின்றதா?

இங்கே காவிரிப் படித்துறையில்தான் குளியல். பக்தர்கள் கூடும் இடத்தில் பொருளுக்குக் காவல் வேண்டும். நம் கோவில் வாசலில் என் செருப்பு போனது உனக்குத் தெரியும். ஆகவே, நீ தைத்த நீலச் சட்டையைப் படியில் கிடந்த பழந்துணிக் குவியலுக்குள் ஒளித்துவிட்டு முழுகினேன். அந்தக் குவியலை யாரும் நெருங்காதது எனக்குத் தைரியம் தந்தது.

கரையேறிச் சட்டையை எடுத்தபோது, பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த ஆராயி என்ற பெண் அலறினாள்.

"ஏனுங்க சாமி, அடுத்தவங்க பீடையை எடுத்து மாட்டிக்கிறீங்க?"

சனிதோஷம் கழிய முழுகுகிறவர்கள் உடுத்திவந்த துணியை அங்கேயே விட்டுப்போவார்களாம்.

"இது என் சட்டை அம்மா."

"உங்களுதுன்னா அங்க ஏனுங்க போட்டீங்க?"

அவளுக்குப் பயந்துதான் என்று அவளிடமே எப்படிச் சொல்வது?

செய்தி பரவி, மறுநாளே ஆலையில் என் பக்கத்து இருக்கை காலி. சட்டையை ஆற்றில் விட்டால்தான் திரும்புவேன் என்று, அறையில் கூட இருந்த வெங்கடாசலமும் போய்விட்டார். நீ தைத்ததை எப்படி விடுவது? பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

வேறொரு சட்டை தைத்து அனுப்பு, நீலம் வேண்டாம். முடிந்தால் நீயே கொண்டுவா. அறையில் இப்போது இடம் இருக்கிறது.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

கஸ்பார்