இன்னும் பதினோரு வருடம்

அக்டோபர் 24, வெள்ளி
விடியற்காலையிலிருந்து மழை. மந்தைவெளி முனையில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கு லீவு விடவில்லை.

வாங்க: ஓட்ஸ், அப்பாவுக்கு டயப்பர், மெழுகுவர்த்தி 2 டஜன், வெள்ளை பெயின்ட். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள்.

அடுத்த மாதம் யார் லீவு போட்டால் யார் வகுப்புக்குப் போவது என்ற பட்டியலை இன்றே ஒட்டிவிட்டேன். ஹெச்.எம்.: "முன்னாடியே யோசிக்கறதுல நம்ம பிலோ டீச்சரை அடிச்சிக்க ஆளில்ல." சிரித்து வைத்தேன்.

மாலையில் அப்பா, படுக்கையிலிருந்தே: "பிலோ, பெயின்ட் அடிக்கறவன்கிட்ட சொல்லி வை. கல்லுல அம்மா பேருக்குக் கீழ எனக்கு எடம் விடணும்." எண்பத்தாறு வயது. கோட்டு இஸ்திரி போட்டு பீரோவில் தயார். அடக்கப் பூசைக்கு எந்தப் பாட்டு என்றுகூட எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

சரி என்றேன்.

அக். 25, சனி
மேற்கு மாம்பலத்திலிருந்து அத்தை போன். அப்பாவின் தங்கை. "இந்த வருஷமாவது மாமா பேரை வெட்டிடலாமா ம்மா? மூணு வருஷமா கல்லுல பேரில்லாம கெடக்கறாரு."

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மாமா திடீரென்று போனபோது எங்கேயும் இடமில்லை. அப்பா இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில். அவரை வைக்க அம்மாவின் கல்லறையைத் திறக்க நான்தான் கையெழுத்துப் போட்டேன். அப்பாவிடம் வேறு இடம் என்று சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளை, நாளை என்று மூன்று வருடம்.

துணி காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

அக். 27, திங்கள்
முதல் பீரியட் பெர்மிஷன். கல்லறைத் தோட்டம். காவல்காரர்: "இன்னா டீச்சர், ஒங்களுக்குத் தெரியாததா? ஒரு தபா தொறந்தா பதினாலு வருசத்துக்குக் கை வெக்கக் கூடாது. இப்ப மூணுதான் ஆயிகீது."

தெரியும். அன்றைக்கும் தெரியும். அப்பா வயதோடு கூட்டிப் பார்க்கவில்லை. கணக்கு டீச்சர்.

அம்மா பக்கத்தில் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. செருப்பில் சேறு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஃபாதரைப் பார்த்தேன். எரித்தால் சாம்பல் பெட்டியை அதே கல்லறையில் வைக்கலாமாம். திருச்சபை இப்போது அனுமதிக்கிறது, அதற்கு வருடக் கணக்கும் இல்லை. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். நம்மவர்களுக்கு மண்தான் என்பார்.

அக். 28, செவ்வாய்
சொல்லிவிட்டேன். ஓட்ஸ் ஊட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

விரல் விட்டு எண்ணினார். "அப்ப இன்னும் பதினோரு வருஷம் நான் இருக்கணும்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நிமிர்ந்தேன். இல்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே ம்மா. நானே குடுத்திருப்பேன். தங்கச்சி புருஷன்தானே."

சாம்பல் விஷயத்தையும் சொன்னேன். "எரிக்கறதா?" சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக். 30, வியாழன்
இரண்டு நாளாகப் பேச்சில்லை. மாத்திரைக்கு வாயைத் திறக்கிறார், அவ்வளவுதான்.

கேஸ் புக் பண்ணியாயிற்று. 9-பி பேப்பர் பாதி திருத்தியாயிற்று. பெயின்ட்காரனை வரவேண்டாம் என்றேன், பிறகு வரச் சொன்னேன். அழுகை வரவேண்டிய இடம் இது என்று தெரிகிறது. வரவில்லை. குற்றம் செய்தவளுக்கு இவ்வளவு பசிக்குமா. மூன்று தோசை.

நவ. 1, சனி
மழை விட்டிருக்கிறது. அப்பாவுக்கு ஷேவ் செய்துவிட்டேன். ஒரு கன்னம் முடிந்ததும் பேசினார்.

"அந்தப் பெட்டி எவ்ளோ பெருசு இருக்கும்?"

கையால் காட்டினேன். ஒரு ஷூ பெட்டி அளவு. என் இரண்டு கைக்கும் நடுவில் வெகுநேரம் பார்த்தார்.

"சரி, என்னை எரிச்சிடு."

"வேணாம்ப்பா. வேற இடம் பாக்கலாம்."

"அதில்ல. இவ்ளோதான் பெட்டின்னா, ஒனக்கும் அங்கயே எடம் கெடைக்கும். ஃபாதர்கிட்ட இப்பவே எழுதி வாங்கிடு. நாளைக்கு ஒனக்குன்னு யாரு அலையப் போறா?"

எனக்கு ஐம்பத்து நான்கு. கல்யாணமாகவில்லை. என்னை எங்கே வைப்பார்கள் என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை.

ரேசரைக் கழுவினேன். இன்னொரு கன்னம் பாக்கி இருந்தது.