நீல டிரம்மில் என்ன தீவனம்

ஜூன் 3

கோழியக்கா எனக்கு ரிப்ளை போட்டுட்டாங்க, எனக்கு, ரெண்டு லட்சம் பேர் இருக்கிற கோழி வளர்ப்புக் குழுவுல என் பேரைச் சொல்லி எனக்கு!!!

கடையில் ஒருவருடைய ஃபோனுக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் உள்ளே மூன்று குமிழ். "என்னம்மா, லாட்டரி அடிச்சிருச்சா?" என்றார் அவர். அதைவிடப் பெருசு சார்.

நான் கேட்டிருந்தது: பதினான்கு வாரக் கோழிக்கு லேயர் தீவனம் போடலாமா? அவர் எழுதியது: "கூடவே கூடாது தங்கம். முதல் முட்டை வர்ற வரைக்கும் க்ரோவர் தீவனம்தான். லேயர்ல சுண்ணாம்புச் சத்து அதிகம். முட்டை போடாத இளசுங்களுக்குக் கிட்னி போயிரும்."

தங்கம்னு சொன்னாங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கடை பிரின்டரிலேயே அடித்து, கூண்டுக் கதவில் ஒட்டிவிட்டேன். அண்ணி கண்ணில் படட்டும் என்றுதான்.

ஜூன் 4

பட்டது. தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, கழுத்தில் டேப் தொங்க, மெதுவாகப் படித்தார்.

"உங்க கோழியக்கா வந்து கூண்டு கழுவுவாங்களாம்மா?"

"கிட்னி போயிரும்னு எழுதியிருக்காங்கல்ல அண்ணி?"

"என் டீச்சர் நாலு வருஷமா லேயர்தான் திங்குது. அது கிட்னி நல்லாத்தான் இருக்கு."

டீச்சர் என்பது அண்ணியின் கோழி. எட்டு மாதம் முன்னால் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கூடையில் வைத்துக் கொண்டுவந்தது. வாரத்தில் ஐந்து முட்டை. அதனால் அதற்குத் தலைக்கனம், அதைவிட அண்ணிக்கு. என்னுடையவை ஆறு, மார்ச்சில் குஞ்சாக வந்தவை. ஒரே கூண்டு, ஒரே தீவனத் தொட்டி. இரண்டு வேளையும் நீல டிரம்மிலிருந்து லேயரை அள்ளிப் போடுவது அண்ணி. நேற்று நான் வாங்கி வைத்த க்ரோவர் மூட்டை கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது.

நடுவில் தடுப்பு வைத்துக் கொடு என்று அண்ணனிடம் கேட்டேன். பஸ் டிப்போவில் இன்ஜினையே பிரித்து மாட்டுகிற ஆளுக்கு ஒரு கம்பி வலை அடிக்க முடியாதா?

"உங்க சண்டைல என்னை இழுக்காதீங்க தாயி." குளிக்கப் போய்விட்டான்.

ஜூன் 6

செய்துவிட்டேன். அண்ணி தைத்த யூனிஃபார்ம்களைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கப் போன நேரத்தில் டிரம்மைக் கவிழ்த்து லேயரைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன். டிரம்மில் க்ரோவரை நிரப்பினேன். இனி அண்ணி கையாலேயே க்ரோவர்!

தப்பா? என் கோழியை நான் காப்பாத்தக் கூடாதா?

ஜூன் 9

குழுவில் எழுதினேன். அண்ணிக்கு 'லேயர் மேடம்' என்று பெயர் வைத்து, அவர் கூண்டுக் கதவு முன் இடுப்பில் கை வைத்து நிற்பதையெல்லாம் வர்ணித்து, கோழியக்கா ரிப்ளைக்குக் கீழேயே. நானூற்றுப் பன்னிரண்டு சிரிப்பு. "லேயர் மேடத்துக்கே முதல்ல க்ரோவர் போடுங்க" என்று ஒருத்தன். விழுந்து விழுந்து சிரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 12

"இந்தத் தடவை தீவனத்துல வெள்ளைத் துண்டே காணோமே?" அண்ணி டிரம்முக்குள் கை விட்டு, உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார். வெள்ளைத் துண்டு என்றால் சுண்ணாம்புச் சத்துக்காக லேயரில் கலக்கிற கிளிஞ்சல்.

"கம்பெனிக்காரன் மாத்திட்டான் போல அண்ணி."

நம்பிவிட்டார். சட்டென்று நம்பியதுதான் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 18

டீச்சர் இன்று போட்ட முட்டையை அண்ணி எடுத்ததும் விரல் உள்ளே போய்விட்டது. ஓடு காகிதம் மாதிரி.

"வயசாயிடுச்சு அண்ணி அதுக்கு."

"வாயைக் கழுவு."

ஜூன் 21

இன்று ஓடே இல்லை. தண்ணீர் பலூன் மாதிரி தோல் மட்டும். நான் பரணைப் பார்த்தேன். அப்புறம் பார்க்கவில்லை. இப்போது மாற்றிப் போட்டால் வெள்ளைத் துண்டு திரும்ப வந்ததை அண்ணி பார்ப்பார், கேட்பார். நான்கு வாரம்தானே, என் ஆறும் முட்டை வைத்ததும் எல்லாருக்கும் லேயர். அதுவரை தாங்காதா?

ஜூன் 25

காலையில் டீச்சர் மூலையில், வாலைத் தொங்கப் போட்டு, கண்ணைப் பாதி மூடி முக்கிக்கொண்டு நின்றது. அண்ணி கூப்பிட்டும் வரவில்லை. அண்ணி குரலுக்கு வராமல் அது இருந்ததே இல்லை.

கால்நடை ஆஸ்பத்திரி. துண்டில் சுற்றி நான் பிடித்திருந்தேன். டாக்டர் வயிற்றைத் தடவினார். "முட்டை சிக்கியிருக்கு. என்ன தீவனம்?"

"லேயர்தான் டாக்டர்," என்றார் அண்ணி.

"லேயர் தின்னா சுண்ணாம்புச் சத்து இவ்வளவு குறையாதேம்மா."

கோழி என் கைக்குள் வெடவெடன்னு நடுங்குது. அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை, டாக்டரையே பார்க்கிறாங்க, லேயர்தான், லேயர்தான்னு சத்தியம் பண்ற மாதிரி சொல்றாங்க...

"க்ரோவர்," என்றேன். "நான்தான் மாத்திட்டேன்."

டாக்டர் ஊசி மருந்து எடுக்க உள்ளே போனார். அண்ணி என் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். கோழியைப் பிடித்திருந்த என் கட்டைவிரலைப் பிரித்து, ஃபோனில் அழுத்தித் திறந்தார். "அந்தம்மா என்னதான் எழுதியிருக்காங்கன்னு பாக்குறேன்."

ரிப்ளையின் அடியில் 'மேலும் காண்க' என்று இருந்திருக்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை. சந்தோஷத்தில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவள்தானே. அண்ணி தொட்டார். வாய்விட்டுப் படித்தார்: "ஆனா கூட முட்டை போடுற பெரிய கோழி இருந்தா அதுக்கு க்ரோவர் மட்டும் பத்தாது. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்துல வைங்க. தேவைப்படறது தின்னும், இளசுங்க அவ்வளவாத் தொடாது."

ஒரு கிண்ணம். அவ்வளவுதான்.

அதோடு நிறுத்தவில்லை. கீழே இருந்ததையும் படித்தார். லேயர் மேடம். இடுப்பில் கை. நானூற்றுப் பன்னிரண்டு. ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தவர்கூடச் சிரித்தார், கதை என்று நினைத்து. அண்ணி குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசி கமென்ட் வரை படித்துவிட்டு, ஃபோனை என் பைக்குள் வைத்து ஜிப்பையும் இழுத்துவிட்டார்.

ஜூன் 26

முட்டை உடைந்து வந்தது. டீச்சர் பிழைத்துவிட்டது. நான் பிழைத்தேனா தெரியாது.

ஜூலை 3

அண்ணி என்னோடு பேசுவதில்லை. எல்லாம் டீச்சர் வழியாகத்தான்.

"டீச்சர், தண்ணிக் கிண்ணம் காலியா இருக்கு. யாருக்காவது கை இருந்தா ஊத்தச் சொல்லு."

"டீச்சர், திங்கறதுக்கு முன்னாடி நானூறு பேரைக் கேட்டுக்கோ."

ஊத்துகிறேன். கிளிஞ்சல் கிண்ணத்தையும் தட்டி நிரப்புகிறேன். சாரி சொன்னேன், இரண்டு தடவை. மெஷினை மிதித்துச் சத்தத்தில் அமுக்கிவிட்டார். இப்படியே எத்தனை வருஷம் ஒரே வீட்ல இருக்கிறது? கோவமா வருது. யார் மேலன்னு கேட்டா சொல்லத் தெரியலை.

ஜூலை 15

கடையிலிருந்து வந்தேன். மூடிய நீல டிரம்மின் மேல் ஒரு முட்டை. குட்டியாக, ஒரு இழை ரத்தத்தோடு. என் ஆறில் ஏதோ ஒன்று. எடுத்து வைத்தவர் உள்ளே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

குழுவில் போட இந்த ஃபோட்டோவுக்குத்தான் நான்கு மாதமாகக் காத்திருந்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 16

குழுவில் போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"லேயர் மேடம்னு நான் சிரிச்சது என் அண்ணியை. அவங்க டிரம்ல தீவனத்தைத் திருட்டுத்தனமா மாத்தி, ரெண்டு வாரம் அவங்க கோழிக்குச் சுண்ணாம்பே இல்லாமப் பண்ணது நான். ரிப்ளையைப் பாதிதான் படிச்சேன். பெரிய கோழியும் இளசும் ஒரே கூண்டுல வச்சிருக்கவங்க, கிளிஞ்சல் கிண்ணத்தைத் தனியா வைங்க. அந்தப் பழைய கமென்ட்டை எத்தனை பேருக்கு அனுப்பினீங்களோ, அத்தனை பேருக்கும் இதையும் அனுப்புங்க."

திட்டுகிறார்கள். "நீயெல்லாம் கோழி வளர்க்கணுமா?" சரி. கோழியக்கா பார்த்தாரா என்று நான் தேடவில்லை.

ஐந்து மணிக்கு ஒரு புதுக் கணக்கிலிருந்து கமென்ட். முகப்புப் படத்தில் டீச்சர், கழுத்தை நீட்டிக்கொண்டு.

"ரெண்டு வாரம் இல்ல. பத்தொன்பது நாள்."

திருத்தினேன். அந்தப் பக்கம் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட ஆரம்பித்தது.